குருந்தமும் சாணையும்



மதுரைத் தெருக்களில் மிதிசக்கரத்தோடு வந்து கத்தியும் அரிவாளும் தீட்டித் தருபவரைச் சாணை பிடிப்பவர் என்று அழைக்கிறோம். அவர் சக்கரத்திலுள்ள கல் இக்காலத்தில் தொழிற்சாலையில் செய்யப்படுவது. பழைய சாணை அவ்வாறன்று. குருந்தக் கல்லை இடித்துப் பொடியாக்கி, உருக்கிய அரக்கோடு பிசைந்து, வட்டமாக இறுகச் செய்வர். இரும்பு உரச உரச மழுங்கிய மணிகள் உதிரும். அடியிலுள்ள கூரிய மணிகள் வெளிப்படும். தேய்வதனாலேயே கூர்மை குன்றாத கருவி அது!

இக்குருந்தம் நம் நாட்டுக் கல். நாமக்கல் பகுதியிலுள்ள சித்தம்பூண்டிப் பாறைகளில் இன்றும் அதனைக் காணலாம். 1798ஆம் ஆண்டில் சார்லஸ் கிரெவில் என்பார் இலண்டன் அரசவைக் கழகத்தின் வெளியீட்டில், ஆசியாவிலிருந்து வந்த இக்கல்லைப் பற்றிக் கட்டுரை வரைந்தார். ஆங்கில நூல்களில் 'கொரண்டம்' என வழங்குவது நம் குருந்தமே. 1812இல் மோஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் வகுத்த கடின அளவையில் இதற்கு 9ஆம் இடம், வைரத்திற்கு 10. மாணவர் இதனை அயற்சொல்லாகவே மனப்பாடம் செய்வர். உண்மையைச் சொன்னவுடன் வகுப்பில் எழும் சலசலப்பைக் கேட்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

எல்லா உளியும் சாணைக்கு வருவதில்லை என்பதையும் இங்கே கூற வேண்டும். மதுரைக்கு அருகே ஆனைமலையில், கி.பி. 770இல் பாண்டிய அமைச்சர் மாறன்காரி குடைவித்த நரசிங்கர் கோயிலை நீங்கள் கண்டிருப்பீர்கள். அத்தகைய கருங்கல்லில் உளியின் முனை விரைவில் மழுங்கும். கல்தச்சர் அதனை உலையில் காய்ச்சி, அடித்து, நீரில் தோய்ச்சல் கொடுத்தே கூராக்குவர். மரத்தச்சரின் உளிக்கும் இழைப்புளிக்கும் மெல்லிய விளிம்பு வேண்டும். அதற்குக் கல்லே துணை. ஆனால் தீட்டத் தீட்டக் கல்லின் நடுவே குழி விழும். குழிந்த கல்லில் தீட்டிய இழைப்புளி பலகையைச் சமமாக இழைக்காது. மழுங்கிய உளியோ வழுக்கிக் கையைக் கிழிக்கும். தச்சருக்கு அன்றைய கூலியே போய்விடும்.

1891இல் அமெரிக்கரான அச்சிசன், மின் உலையில் புதியதொரு பொருளைக் கண்டார். அது கரியும் குருந்தமும் சேர்ந்தது எனத் தவறாகக் கருதிக் கார்போரண்டம் எனப் பெயரிட்டார். உண்மையில் அது கரியும் சிலிக்கனும் கூடியது. தவறு திருந்தியது, பெயரில் ஒட்டிய தமிழ்ச்சொல் நிலைத்துவிட்டது! அப்பெயரைத் தாங்கிய சாணைக்கல் நிறுவனம் ஒன்று 1954இல் சென்னையிலேயே தோன்றியது.

அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வாளர்கள் செயற்கை வைரம் படைத்தனர். கி.பி. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரேசிலில் வைரம் கிடைக்கும் வரை, உலகச் சந்தைக்கு வைரம் வழங்கிய பெருநிலம் இந்தியாவே. அரசர் முடியில் இருந்த அக்கல், செயற்கையாக விளைந்தபின் தச்சர் பட்டறைக்கு வந்தது. எஃகுத் தகட்டின்மேல் வைரத்துகளைப் பரப்பி, மின்முலாம் பூசும் முறையால் நிக்கலைப் படியச் செய்து பிணைக்கின்றனர். இத்தகடு கல்லைப்போல் குழிவதில்லை; எண்ணெய் வேண்டாம், சிறிது நீர் போதும். குழிந்த பழைய கல்லையும் இதன்மேல் தேய்த்துச் சமமாக்கலாம். ஆனால், சாணையைப்போல் இதற்கு அடியில் புதிய மணிகள் இல்லை. இருப்பது ஒரே அடுக்கு. ஆகவே அழுத்தித் தேய்க்கலாகாது; துகள் பெயர்ந்துவிட்டால் தகடு வெறும் எஃகுதான்.