கூட்டிய குதிரைக்கு யார் பொறுப்பு?

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர் வீட்டு வாசலில் இரண்டு மூன்று கார் நிற்பது இன்று பெரிய சேதி இல்லை. அவற்றில் சில கார்களின் எஞ்சின், ஷோரூமிலிருந்து வந்தபடி இல்லை என்பதுதான் சேதி. "ட்யூன் பண்ணியிருக்கேனுங்க" என்று பையன்கள் பெருமையாகச் சொல்கிறார்கள்.

நம் வயதுக்காரர்களுக்கு ட்யூனிங் என்றால் வேறு அர்த்தம். பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து, பாயிண்ட் இடைவெளி பார்த்து, கார்புரேட்டர் திருகைக் கால் சுற்று திருகி, வண்டி சீராக ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்பது. ஓடாததை ஓட வைப்பதும், குடிக்கிற பெட்ரோலைக் குறைப்பதும்தான் நோக்கம். இப்போதைய பையன்கள் சொல்வது, நன்றாக ஓடுகிற எஞ்சினிடமிருந்து இன்னும் கொஞ்சம் சக்தியைப் பிடுங்குவது. இது இவர்கள் கண்டுபிடித்த புதுப்பழக்கமும் அல்ல, வெளியூரிலிருந்து வந்த பழக்கம் மட்டுமும் அல்ல. நம் கோவை வட்டாரத்துக்கு இதில் ஒரு நல்ல பங்கு உண்டு. திருப்பூர் தனி மாவட்டமானது 2009-ல்தான். அதற்கு முன் நடந்ததெல்லாம் நமக்கும் சேர்ந்த கதைதானே.

முதலில் சங்கதி என்னவென்று பார்த்துவிடுவோம். எஞ்சினுக்குள் காற்றும் எரிபொருளும் போகின்றன. சரியான நொடியில் பற்றவைக்கிறோம். அதிகக் காற்று, அதற்கேற்ற எரிபொருள், சரியான நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அதிகச் சக்தி. பழைய காலத்தில் சிலிண்டர் ஹெட்டைக் கடைந்து உயரம் குறைப்பார்கள், அழுத்தம் கூடும். காற்று வரும் வழியைத் தேய்த்துப் பெரிதாக்குவார்கள். ஒன்றுக்கு இரண்டு கார்புரேட்டர் வைப்பார்கள். கேம் ஷாஃப்டை மாற்றுவார்கள். எல்லாம் லேத்தும் அரமும் கொண்டு செய்யும் கைவேலை. இன்று அந்த வேலைகளில் பெரும்பகுதியை ஒரு சிறு கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. எவ்வளவு டீசல் தெளிக்க வேண்டும், டர்போ எவ்வளவு காற்றை அமுக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் அதற்குள் அட்டவணைகளாக இருக்கின்றன. அந்த அட்டவணையை மாற்றி எழுதினால் ட்யூன் முடிந்தது. கை கறுப்பாகாது.

கார் செய்த கம்பெனிக்காரன் ஏன் அந்தச் சக்தியை முதலிலேயே கொடுக்கவில்லை என்று கேட்கலாம். அவன் இடம் விட்டு வைக்கிறான். கலப்பட எரிபொருள், மே மாத வெயில், மலைப் பாதை, ஆயில் மாற்றாமல் ஓட்டும் ஆசாமி என எல்லாவற்றுக்கும் தாங்க வேண்டுமே. புகைச் சட்டத்துக்கும் கட்டுப்பட வேண்டும். அந்த விட்டுவைத்த இடத்தைத்தான் ட்யூன்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

உலகத்தில் இதற்குப் பெயர் போனவர்கள் மூன்று பேர். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் ஆகையால் எனக்கு முதலில் தெரிந்த பெயர் அமெதே கோர்தினி. இத்தாலியில் பிறந்து பாரிஸில் பட்டறை போட்டவர். ஃபியட் கார்களை உரிமம் வாங்கி பிரான்சில் தயாரித்த சிம்கா கம்பெனியின் வண்டிகளைப் பந்தயத்துக்குத் தயார் செய்தே பெயர் வாங்கினார். பிரெஞ்சுக்காரர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'லெ சோர்சியே'. மந்திரவாதி என்று அர்த்தம். பிற்பாடு ரெனோ கம்பெனியே அவரைக் கூப்பிட்டு, தன் டோஃபின் காரிலும் 1964-ல் ஆர்-8 காரிலும் அவர் பெயரையே போட்டு விற்றது.

இரண்டாமவர் கார்லோ அபார்த். சின்னஞ்சிறு ஃபியட் 500-க்கான சாமான்களை மரப்பெட்டியில் அடுக்கி விற்றார். கார்புரேட்டர், புகைக்குழாய் எல்லாம் அதில் இருக்கும். ஆர்டர் போட்டு வாங்கி, பக்கத்துப் பட்டறையில் மாட்டிக்கொள்ள வேண்டியது. இன்று கூரியரில் வரும் கறுப்புப் பெட்டிக்கு அதுதான் பாட்டன்.

மூன்றாமவர் இங்கிலாந்தின் ஜான் கூப்பர். 1959-ல் வந்த மினி காரில் எஞ்சின் 848 சிசி, சக்தி 34 குதிரை. 1961-ல் அவர் பெயரோடு வந்த மினி கூப்பரில் 997 சிசி, 55 குதிரை. அதோடு முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் சேர்ந்து வந்தது. இந்தக் கடைசி விவரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டிலும் அதே ஃபியட் தான் பாடப்புத்தகம். பம்பாய் பிரீமியர் கம்பெனி தயாரித்த 1089 சிசி ஃபியட், பிறகு பத்மினி என்று பெயர் மாறியதே, அந்த வண்டிதான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில் பந்தயம் நடக்கும். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தியது. அங்கே ஃபியட்டும், அம்பாசடரும், ஹெரால்டும் ஓடின. இறக்குமதிக்கு அனுமதி கிடைக்காத காலம். கிடைத்த வண்டியைக் கடைந்து, தேய்த்து, எடை குறைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

கடைவதும் தேய்ப்பதும் கோவைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? பஞ்சாலைகளுக்கு உதிரிபாகம், விவசாயத்துக்கு பம்ப்செட், வார்ப்படம் என்று ஊரே பட்டறை. அதற்கும் முன்னால் ஜி.டி. நாயுடு இருந்தார். கலங்கலில் 1893-ல் பிறந்தவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிள் மேல் ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் பார்த்தவர். நம் திருப்பூரில் பருத்தி வியாபாரமும் செய்து பார்த்தார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு ஆரம்பித்ததுதான் யு.எம்.எஸ். கம்பெனி. பிரித்துப் பார்த்தால்தான் புரியும் என்ற பழக்கம் இந்த மண்ணில் அப்போதே ஊன்றிவிட்டது.

அந்தப் பழக்கத்தை வேகத்தின் பக்கம் திருப்பியவர் எஸ். கரிவரதன். கோவையின் பஞ்சாலைத் தொழில் குடும்பத்துப் பிள்ளை. தானும் பந்தயத்தில் ஓட்டினார். பிறர் ஓட்டவும் கார் செய்து கொடுத்தார். அவருடைய பெரிய காரியம் 1988-ல் வந்த ஃபார்முலா மாருதி. 1983 டிசம்பரில் அறிமுகமான மாருதி 800-ன் அந்த 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் காருக்குள் வைத்தார். வெளிநாட்டுக் கார் வாங்க வசதியில்லாத பையன்களும் பந்தயம் பழக வழி பிறந்தது. எல்லோருக்கும் ஒரே எஞ்சின் என்பதால், பணக்காரன் எஞ்சின் ஜெயிக்காது, ஓட்டுகிறவன் ஜெயிப்பான். ஓடுவது ரோட்டில் அல்ல, தலைக்கவசமும் பெல்ட்டும் போட்டுக்கொண்டு, மூடிய ஓடுதளத்தில்.

கரி 1995-ல் ஆகாய விபத்தில் இறந்துபோனார். நாற்பதை ஒட்டிய வயதுதான். அவர் பெயரால் செட்டிபாளையத்தில் 2003-ல் கரி மோட்டார் ஸ்பீட்வே திறக்கப்பட்டது. 2.1 கிலோமீட்டர் நீளம். பல்லடம் வழியாகப் போனால் நமக்கு எட்டிவிடும் தூரம்.

ஃபார்முலா மாருதியில் ஆரம்பித்த பிள்ளைகளில் ஒருவர்தான் கோவை நரேன் கார்த்திகேயன். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் ராலி ஓட்டிப் பெயர் வாங்கியவர். மகன் பிரான்சின் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளிக்குப் போய்ப் பயின்றார். 2005 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் ஜோர்டான் அணிக்காக ஓட்டியபோது, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார்.

அடுத்த கட்டம் இன்னும் சுவாரசியமானது. கோவையில் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் என்று ஒரு நிறுவனம். பந்தய வீரராக இருந்த ஜே. ஆனந்த் நடத்துவது. 2017-ல் இவர்களும் டாட்டா மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்தார்கள். 2018 அக்டோபரில் டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி என்று இரண்டு கார்கள் வந்தன. பெயரில் உள்ள ஜே எழுத்து ஜெயம், டி எழுத்து டாட்டா. சாதாரண பெட்ரோல் டியாகோவின் சக்தி 85 குதிரை, ஜேடிபியில் 1.2 லிட்டர் டர்போ எஞ்சின், 114 குதிரை. விலை ஆறு லட்சத்து 39 ஆயிரத்தில் ஆரம்பம். அதோடு விட்டுவிடவில்லை. சஸ்பென்ஷனை மாற்றி 4 மில்லிமீட்டர் தாழ்த்தினார்கள். 15 அங்குலச் சக்கரம் போட்டார்கள். சூடு போக பானெட்டில் துவாரம் வைத்தார்கள். ரெனோ கோர்தினிக்குச் செய்ததை, டாட்டா கோவைப் பட்டறைக்குச் செய்தது என்று சொல்லலாம்.

ஆனால் அது நீடிக்கவில்லை. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பிஎஸ்-6 புகைச் சட்டம் அமலுக்கு வந்தது. ஜேடிபி கார்கள் அந்தக் கோட்டைத் தாண்டி வரவில்லை. அந்த வருடமே கூட்டும் கலைந்தது. குறைந்த எண்ணிக்கையில் விற்கும் காருக்காக மறுபடியும் எஞ்சினைத் திருத்தி, சோதனை செய்து, சான்றிதழ் வாங்குவதென்றால் கட்டுப்படியாகாது அல்லவா.

இப்போது இன்றைய நிலவரத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒரு தம்பி ஜாப் ஒர்க் நிட்டிங் யூனிட் நடத்துகிறான். டீசல் கார் வாங்கி ஒரு வருடம் ஆகவில்லை, கூரியரில் வந்த சாமானைக் காட்டினான். உள்ளங்கை அளவு பெட்டி, கூடவே ஒயர். சென்சாருக்கும் காரின் கம்ப்யூட்டருக்கும் நடுவில் மாட்ட வேண்டியது. போகிற தகவலை மாற்றிச் சொல்லி, அதிக டீசல் தெளிக்க வைக்கும்.

"மாட்டறதுக்கு அரை மணி நேரந்தானுங்க தாத்தா. சர்வீஸ் விடறப்பக் கழட்டி வெச்சுக்கலாம். யாருக்கும் தெரியாது."

"ஏன் கண்ணு தெரியக்கூடாது?"

"வாரண்டி போயிருமுங்க."

"உன் மெஷின்ல ஆளுங்க உன்னைக் கேக்காம வேகத்தைக் கூட்டி வெச்சா விட்ருவியா?"

"எப்படிங்க விடறது? ஊசி ஒடிஞ்சு துணியில ஓட்டை விழுந்தா யாரு காசு குடுப்பாங்க?"

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பெட்டியை மாட்டினானா என்று நான் அப்புறம் கேட்கவில்லை.

பெட்டி வேண்டாம் என்றால் இன்னொரு முறை இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள துளையில் ஒயரைச் செருகி, உள்ளே இருக்கும் கணக்கைப் பிரதி எடுத்து, மாற்றிய கணக்கை மறுபடி ஏற்றிவிடுவது. ஒழுங்கானவர்கள் உருளைகள் மேல் வண்டியை ஓட்டி, முன்னும் பின்னும் சக்தியை அளந்து காட்டுகிறார்கள். டர்போ உள்ள வண்டியில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். டர்போ இல்லாததில் அவ்வளவு தெரியாது. கிளட்ச்சும், கியர்பாக்ஸும், டர்போவும் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டும் என்பதைச் சிலர் சொல்கிறார்கள், சிலர் சொல்வதில்லை. பிரேக் மட்டும் பழைய பிரேக்தான்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் இதையே உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில், அனுமதியில்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வந்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இதைத்தான். கண்ணுக்குத் தெரியாத கணக்குதானே என்றும் நினைக்கக் கூடாது. 2015-ல் ஃபோக்ஸ்வாகன் கம்பெனி மாட்டியது, எஞ்சின் கம்ப்யூட்டருக்குள் புகைச் சோதனையை ஏமாற்ற எழுதி வைத்த கணக்கால்தான்.

நான் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன். எங்கள் கோப்பில் கையெழுத்து இல்லாத காகிதம் செல்லாது. அந்தக் கண்ணால் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. கோர்தினிக்கு ரெனோ கையெழுத்துப் போட்டது. கூப்பர் காருக்கு டிஸ்க் பிரேக்கோடு சேர்த்து அதைத் தயாரித்த கம்பெனி கையெழுத்துப் போட்டது. கரி தன் காருக்குத் தானே பொறுப்பேற்று, ரோட்டுக்கு விடாமல் ஓடுதளத்தில் விட்டார். ஜேடிபிக்கு டாட்டாவே வாரண்டி கொடுத்தது. கூரியரில் வரும் பெட்டிக்கு யார் கையெழுத்து? விற்றவன் போடவில்லை. மாட்டியவன் போடவில்லை. வாங்கியவன் சர்வீஸுக்கு முன்னால் கழற்றி ஒளிக்கிறான்.

வேகம் வேண்டாம் என்று கிழவன் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். கோவைப் பட்டறைகளின் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கும் பெருமை உண்டு. உங்கள் பேரன் வண்டியை ட்யூன் பண்ணப் போகிறேன் என்று வந்தால் திட்டாதீர்கள். மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்: பிரேக்குக்கு என்ன செய்தாய், இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொன்னாயா, எங்கே ஓட்டப் போகிறாய்? வேகமாக ஓட்டத்தான் வேண்டும் என்றால் அவினாசி ரோட்டில் வேண்டாம், செட்டிபாளையத்தில் பந்தய நாட்களில் போய்ப் பார்த்து, முறையாகக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போய் வாருங்கள். சத்தம் கொஞ்சம் அதிகம். காதுக்குப் பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பஞ்சுக்கா பஞ்சம்?