மூன்று ஆபீஸ், ஒரு மனு

எங்க சித்தி சாதி மாறிக் கட்டிக்கிட்டவ. புருசன் வீட்டுக்காரங்க மண்டையை உடைச்ச ராத்திரி ஸ்டேஷனுக்குப் போனோம். "எல்லாரும் குத்தாலம் சீசன் பந்தோபஸ்துக்குப் போயிட்டாங்க, காலையில வா"ன்னாங்க. அருவியில் குளிக்கிறவனுக்குக் காவல் இருந்தது. பெரிய அதிகாரியைப் பார்க்க 50 கிலோமீட்டருக்கு மேல், திருநெல்வேலிக்குப் பஸ் ஏறணும். சித்தி போகலை.

2005இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாதுகாப்பு அலுவலரைத் தந்தது. அவர் எழுதும் சம்பவ அறிக்கை மாஜிஸ்திரேட்டுக்குப் போகணும், நகல் ஸ்டேஷனுக்கும் போகணும். ஆனால் அந்தத் தாளில் சாதி எங்கே இருக்கு? உசிலம்பட்டிப் பக்கம் 2014இல் சாதி மாறிக் கட்டிய பெண்ணொருத்தி செத்த வழக்கில்தான், 2016 ஏப்ரலில், சென்னை உயர்நீதிமன்றம் அதற்கு வழி சொன்னது: மாவட்டந்தோறும் எஸ்.பி., சமூகநல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் மூவரும் சேர்ந்த தனிப்பிரிவு, 24 மணிநேரத் தொலைபேசி. 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்சநீதிமன்றமும் இதே மூவரைத்தான் சொன்னது. மூன்றாமவரைச் சேர்த்ததில்தான் விஷயமே இருக்கு. வீட்டுக்குள் விழும் அடியிலும் சாதி உண்டென்று கோர்ட்டே ஒத்துக்கொண்ட இடம் அது.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாச்சு. மூன்று நாற்காலியும் ஊருக்கே வந்தாச்சு. ஆனாலும் ஒருத்தர் இன்னொருத்தரைக் கைகாட்டினால் பிள்ளை தெருவில்தான் நிற்கும். அதனால் இப்போ யார் வந்தாலும் ஒரே மனுவில் மூன்று பேரையும் பெறுநராகப் போட்டு எழுதுகிறோம். மூன்று முத்திரையும் விழுந்த நகலை அந்தப் பிள்ளை கையிலேயே கொடுத்துவிடுகிறோம்.