மரத்துக்குப் பொட்டு வைத்த துவக்கு: பெயின்ட்போல் மார்க்கரும் அதைக் கழட்டிப் பூட்டியவர்களும்

பெயின்ட்போல் விளையாடுகிறவர்கள் தங்கள் கையில் இருக்கிறதைத் துவக்கு என்று சொல்ல விரும்புவதில்லை. 'மார்க்கர்' என்பார்கள். அடையாளம் போடுகிற சாமான், அவ்வளவுதான். துவக்கு என்ற சொல்லுக்கு எங்கட வீடுகளில் இருக்கிற பாரம் வேறு. அதுக்குப் பெயரை மாத்தினால் விளையாட்டாகிவிடுமா எண்டு யாரும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தப் பெயரின் பின்னால் போய்ப் பார்த்தால் அது வெறும் பூச்சு இல்லை என்பது விளங்கும். இந்தச் சாமான் மனிதரைச் சுடுவதற்காகப் பிறக்கவில்லை. மரத்துக்குப் பொட்டு வைக்கப் பிறந்தது.

இங்கே நாங்கள் எழுதப்போவது எந்த அணி வென்றது, எந்த அணி தோற்றது என்ற கதை இல்லை. ஒரு இயந்திரத்தை வாங்கியவர்களே அதைக் கழட்டி, துடைத்து, அறுத்து, ஒட்டி இன்னொன்றாக்கிய கதை. பிறகு அந்தக் கழட்டுகிற உரிமைக்கு என்ன நடந்தது என்ற கதையும்தான்.

காட்டில் பிறந்தது

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அயர்ன் மவுன்டன் என்றொரு ஊர். அங்கேயிருந்த நெல்சன் பெயின்ட் கம்பனி வனத்துறையினருக்கு மை விற்றது. எந்த மரத்தை வெட்டுவது, எதை விடுவது என்று அடையாளம் போட வேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் பற்றைக்குள்ளாலும் ஓடையைக் கடந்தும் நடந்து போவது பெரிய வேலை. தூர நின்றே அடிக்க முடிந்தால்?

மையை ஜெலற்றின் கோதுக்குள் அடைத்தார்கள். அந்த உருண்டைகளைச் செய்தது மருந்துக் குளிசை செய்கிற ஆர். பி. ஷெரர் நிறுவனம். மீனெண்ணெய்க் குளிசையின் உள்ளே மையை நிரப்பினால் எப்படியோ, அதுதான் பெயின்ட்போல். அதை எறிகிற கருவியைக் காற்றுத் துவக்குகள் செய்கிற டெய்சி நிறுவனம் செய்தது. டெய்சியின் ஜேம்ஸ் ஹேல் 1972இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1974இல் கிடைத்தது. கருவிக்குக் கடைசியில் நிலைத்த பெயர் நெல்-ஸ்பொட் 007. மரத்துக்கும் மாட்டுக்கும் பொட்டு வைக்கத்தான் அதைப் பாவித்தார்கள்.

1981 ஜூன் 27ஆம் திகதி நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹெனிக்கர் என்ற ஊரில் பன்னிரண்டு பேர் இந்தக் கருவிகளோடு காட்டுக்குள் இறங்கினார்கள். ஏற்பாட்டின் பின்னால் மூன்று பேர்: பங்குச்சந்தைக்காரர் ஹெய்ஸ் நோயல், எழுத்தாளர் சார்ள்ஸ் கெய்ன்ஸ், விளையாட்டுச் சாமான் கடைக்காரர் பொப் கேர்ன்சி. காட்டில் தப்பிப் பிழைக்கத் தெரிந்தவன் நகரத்தவனா, நாட்டுப்புறத்தவனா என்ற வாதத்தைத் தீர்க்க வேண்டுமாம். கொடிகளைச் சேர்த்து வென்றவர் ரிச்சி வைட். அவர் ஒரு வனத்துறைக்காரர். ஒரு முறையும் சுடாமலே வென்றார். இந்த விளையாட்டின் வரலாற்றில் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கராஜில் வளர்ந்தது

மரம் திருப்பிச் சுடாது. அதனால் நெல்-ஸ்பொட்டுக்கு அவசரம் தேவைப்படவில்லை. ஒவ்வொரு உருண்டைக்கும் பின்பக்கத்துப் போல்ட்டைக் கையால் இழுக்க வேண்டும், அடுத்த உருண்டை உருண்டு வர மார்க்கரைச் சரிக்க வேண்டும். பன்னிரண்டு கிராம் காபனீரொட்சைட்டுக் குப்பி கொஞ்ச வெடியோடு முடிந்துவிடும். பத்தாததற்கு ஆரம்பகால மை எண்ணெய் மை. விளையாடி முடிந்தால் உடுப்பையும் உடம்பையும் கருவியையும் ரேப்பன்டைன் போட்டுத்தான் துடைக்க வேண்டும். தண்ணீரில் கழுவுப்படுகிற மை பிறகுதான் வந்தது.

ஆனால் மனிதன் திருப்பிச் சுடுவான். எதிரில் ஆள் நிற்கும்போது இந்தச் சாமானின் ஒவ்வொரு குறையும் அவரவர் தோலில் பட்டது. ஆகவே 1980களில் விளையாட்டுக்காரர்களே அறுக்கத் தொடங்கினார்கள். பின்பக்கம் இழுக்கிற போல்ட்டுக்குப் பதிலாகக் குழலுக்குக் கீழே பம்ப் கைப்பிடி வந்தது. சின்னக் குப்பிக்குப் பதிலாகத் திரும்பத் திரும்ப நிரப்பக்கூடிய பெரிய குப்பி வந்தது. சரிக்கிற குழாய்க்குப் பதிலாக மேலே ஒரு பாத்திரம், உருண்டைகள் தாமாகவே கீழே விழும். இவை பெரும்பாலும் லேத் மெசின் வைத்திருந்தவனின் கராஜில், அடுத்த ஞாயிறு விளையாட்டுக்காகச் செய்யப்பட்ட திருத்தங்கள். அந்தக் கராஜ்களில் சில பிறகு கம்பனிகளாயின.

டிப்மன் கதை கொஞ்சம் வேறு. இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்னில் இருந்த டெனிஸ் டிப்மன் இயந்திரத் துப்பாக்கிகளின் சிறிய மாதிரிகளைச் செய்தவர். சின்னதென்றாலும் அவை உண்மையாகவே சுடும். 1986இல் வந்த சட்டம் பொதுமக்களுக்குப் புதிய இயந்திரத் துப்பாக்கிகள் விற்பதை நிறுத்தியது. அவர் பெயின்ட்போலுக்கு மாறினார். 1998இல் அவரது நிறுவனம் வெளியிட்ட மொடல் 98 வாடகைக்கு விடுகிற மைதானங்களில் இன்றும் கிடக்கிறது. அதன் உடல் இரண்டு பாதி. சில அலன் ஆணிகளைக் கழட்டினால் புத்தகம் மாதிரித் திறந்துகொள்ளும். உள்ளே என்ன நடக்கிறது என்று பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். அந்த இயந்திரம் அவ்வளவு காலம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது எங்கள் எண்ணம்.

வாயுவுக்கும் ஒரு குணம் இருக்கு

பராமரிப்பு என்றவுடன் சும்மா துணியால துடைக்கிறது எண்டு நினைக்கக்கூடாது. பெயின்ட்போலில் பராமரிப்பின் பாதி பௌதிகவியல்.

காபனீரொட்சைட்டு குப்பிக்குள் திரவமாகவும் வாயுவாகவும் இருக்கும். அதன் அமுக்கத்தை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. 0 பாகை செல்சியசில் ஏறத்தாழ 35 பார், 20 பாகையில் 57, 30 பாகையில் 72. அதாவது காலமைக்குச் சரிபார்த்த மார்க்கர் மத்தியானம் வேறு வேகத்தில் அடிக்கும். விடாமல் சுட்டால் திரவம் ஆவியாகும்போது குப்பி குளிர்ந்து அமுக்கம் விழும். குப்பியைச் சரித்துப் பிடித்தால் திரவமே மார்க்கருக்குள் ஏறி ரப்பர் வளையங்களைக் கெடுக்கும். இதற்காகத்தான் குப்பிக்குள் வளைந்த குழாய் வைத்தார்கள், இடையில் ரெகுலேற்றர் பூட்டினார்கள், கடைசியில் காபனீரொட்சைட்டையே விட்டுச் சதுர அங்குலத்துக்கு 3000 அல்லது 4500 இறாத்தல் அமுக்கத்தில் சாதாரணக் காற்றை அடைத்தார்கள். அந்தக் குப்பியிலேயே இருக்கிற ரெகுலேற்றர் அதை 800 அளவுக்குக் குறைத்து அனுப்பும்.

மார்க்கரின் உயிர் இருக்கிறது அந்த ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தில்தான். வாயு கசிகிறது என்றால் எங்கே கசிகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். குழல் வாயால் வந்தால் பெரும்பாலும் வால்வின் மூடி தேய்ந்திருக்கும். குப்பி பூட்டுகிற இடத்தில் வந்தால் குப்பியின் வளையம். சைக்கிள் கடைக்காரர் ரியூப்பைத் தண்ணிக்குள் அமத்திப் பார்ப்பார், இவர்கள் சவர்க்காரத் தண்ணி பூசிக் குமிழி பார்ப்பார்கள். அறிவு ஒன்றுதான். இன்னொன்று, கையில் அகப்பட்ட ஒயிலை விடக்கூடாது. துருவுக்கு அடிக்கிற பெற்றோலிய ஸ்பிரேக்கள் பல ரப்பர் வளையங்களை ஊதவைக்கும். உடைந்த உருண்டையின் மை காய்ந்தால் பசைபோல இறுகும், ஈரத்துணியால் உடனே எடுத்துவிட வேண்டும்.

இதில் விளையாட்டு இல்லாத ஒரு இடமும் உண்டு. குப்பியையும் மார்க்கரையும் பிரிக்கும்போது குப்பியின் வால்வே அதிலிருந்து கழன்று, குப்பி ரொக்கெற் மாதிரிப் பறந்து, உயிர் போன சம்பவங்கள் அமெரிக்காவில் பதிவாகியிருக்கின்றன. தவறாகப் பூட்டிய வால்வுதான் அதற்குக் காரணம். கழட்டத் தெரிந்தவனுக்கு எதைக் கழட்டக்கூடாது என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

வேகத்தைக் கூட்டாத மேம்படுத்தல்

மைதானங்களில் வழமையான உச்ச வேகம் செக்கனுக்கு 300 அடி, அதாவது ஏறத்தாழ 91 மீற்றர். மூன்று கிராம் உருண்டைதான், ஆனால் அந்த வேகத்தில் அது கண்ணைப் பறிக்கும். அதனால் முகக்கவசம் கட்டாயம், விளையாட முன் வேகமானியில் சுட்டுக் காட்டுவதும் கட்டாயம்.

இந்த ஒரு விதி மேம்படுத்தலின் வரலாற்றையே திருப்பிவிட்டது. ஆயுதங்களின் வரலாறு தூரத்தையும் பலத்தையும் கூட்டிக்கொண்டே போன வரலாறு. மார்க்கருக்கு அந்தக் கதவு மூடியிருந்தது. ஆகவே மூளை எல்லாம் வேறு பக்கம் போனது: ஒவ்வொரு உருண்டையும் ஒரே வேகத்தில் போக வேண்டும், குறைந்த அமுக்கத்தில் வேலை நடக்க வேண்டும், உருண்டை உள்ளே உடையக்கூடாது. குழலின் கதையைப் பாருங்கள். நீட்டுக் குழல் போட்டால் தூரம் போகும் என்பது புதியவர்களின் நம்பிக்கை. அனுபவசாலி நீளத்தை அல்ல, உள்விட்டத்தைப் பார்ப்பான். ஜெலற்றின் ஈரக்காற்றில் ஊதும். இன்று சரியாக இருந்த உருண்டை நாளைக்கு இறுகும். உருண்டையைக் குழலில் வைத்தால் தானாக உருண்டு விழக்கூடாது, வாயால் ஊதினால் போக வேண்டும். அந்த அளவுக்குத்தான் வெவ்வேறு விட்டத்தில் உட்குழாய்கள் வந்தன.

கழட்டிப் பூட்டுகிறவர்களின் உச்சம் ஓட்டோகொக்கர். கலிபோர்னியாவின் பட் ஓர் செய்தது. அவரது ஸ்னைப்பர் என்ற பம்ப் மார்க்கரில் கை செய்த வேலையைக் காற்றிடம் கொடுத்தார். குழலுக்குக் கீழே ஒரு சின்ன ரெகுலேற்றர், ஒரு மூவழி வால்வு, ஒரு தள்ளுதண்டு. விசையை அரைவாசி இழுத்தால் சுத்தியல் விடுபட்டு உருண்டை போகும். மிச்ச அரைவாசியையும் இழுத்தால் காற்று தண்டைத் தள்ளி, போல்ட் பின்னுக்குப் போய், அடுத்த உருண்டை விழும். விசையை விட்டால் மூடும். இந்த ஒழுங்கு ஒரு துளி பிசகினாலும், சுடமுதலே போல்ட் திறக்கும், அல்லது உருண்டை இரண்டாக வெட்டுப்படும். இதைச் சரிப்படுத்துவதை 'ரைமிங்' என்பார்கள். அது தெரிந்தவனுக்கு மைதானத்தில் தனி மரியாதை. அந்த அறிவு புத்தகத்தைவிட அதிகமாகக் கைவழியே பரவியது, ஒருத்தன் செய்ய மற்றவன் பக்கத்தில் நின்று பார்த்தது.

பூட்டு விழுந்தது

1990களின் நடுப்பகுதியில் மின்கலம் வந்தது. பென்சில்வேனியாவின் ஸ்மார்ட் பார்ட்ஸ் நிறுவனம் ஷொக்கரையும், இங்கிலாந்தின் டபிள்யூ.டி.பி. ஏஞ்சலையும் இறக்கின. விசை இப்போது வெறும் ஆளி. மின்காந்த வால்வு காற்றைத் திறக்கும், சிப் நேரத்தைக் கணக்கிடும். பின்னர் வந்த ஒளிக்கதிர் உணரி உருண்டை வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே சுடவிட்டது. ஓட்டோகொக்கர்காரன் ஆண்டுக்கணக்காகக் கற்றதை ஒரு சர்க்கிட் ஒரு நொடியில் செய்தது.

இதை நாங்கள் குறை சொல்லவில்லை. இப்போதைய நல்ல இலத்திரனியல் மார்க்கர்களில் போல்ட்டைக் கருவியே இல்லாமல் உருவலாம். கிறீஸ் பூசி, இரண்டு வளையம் மாற்றினால் வேலை முடிந்தது. பிரச்சினை இயந்திரத்தில் அல்ல, காகிதத்தில் இருந்தது. இலத்திரனியல் மார்க்கருக்கான காப்புரிமைகளை ஸ்மார்ட் பார்ட்ஸ் கையில் வைத்துக்கொண்டு மற்ற நிறுவனங்கள்மேல் வழக்குப் போட்டது. உரிமத்தொகை கட்டியவர்கள் பிழைத்தார்கள், கட்ட முடியாத சின்னப் பட்டறைகள் ஒதுங்கின. ஊரெல்லாம் கராஜில் கூடிச் செய்த ஒரு பொருளில் ஒரு கட்டத்துக்குப் பிறகு கைவைக்கக் கட்டணம் வந்தது. அந்த ஸ்மார்ட் பார்ட்சும் 2010இல் மூடப்பட்டது. அதன் சர்க்கிட் பழுதானால் உதிரிப்பாகம் தேடி அலைய வேண்டியது வாங்கியவன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மின்கலம் இல்லாத மார்க்கர்களுக்கென்றே இன்று தனிப் போட்டிகள் நடக்கின்றன. ஓட்டோகொக்கர் வடிவத்தில் சின்னப் பட்டறைகள் புது உடல்களைக் கடைகின்றன. மரத்துக்குப் பொட்டு வைத்த நெல்-ஸ்பொட்டின் வால்வு அமைப்பு இன்னும் பம்ப் மார்க்கர்களில் உயிரோடு இருக்கிறது. அதற்குக் காரணம் அது சிறந்தது என்பதில்லை. அதைத் திறந்தால் விளங்கும், உடைந்தால் ஒரு வளையம் வாங்கிப் பூட்டலாம்.

தண்ணீர்ப் பம்ப், கைத்தொலைபேசி, மோட்டார் சைக்கிள் எதை வாங்கும்போதும் நாங்கள் விலையைக் கேட்கிறோம், வேகத்தைக் கேட்கிறோம். இதை ஆர் திறக்கலாம் எண்டு கேட்கிறது குறைவு. ஒரு விளையாட்டுச் சாமானின் நாற்பது வருசக் கதை அந்தக் கேள்வியை எங்கட கையில் தந்துவிட்டுப் போகிறது. அடுத்த முறை கடையில் நிற்கும்போது கேட்டுப் பாருங்கோ: இதின்ட ஆணி எங்க இருக்கு?