சேமிப்புப் பாதுகாப்பு (தமிழ்நாடு)

சேமிப்புப் பாதுகாப்பு என்பது தனிநபர் ஒருவர் சேர்த்து வைத்த பணம், நிதி நிறுவனங்கள் முறியும்போதும் சந்தை விலைகள் சரியும்போதும் அழிந்துவிடாமலும், தேவைப்படும் வேளையில் கைக்குக் கிட்டாமற் போகாமலும் இருப்பதற்கான சட்ட ஏற்பாடுகளையும் நடைமுறைகளையும் குறிக்கும். தமிழ்நாட்டில் இதன் வரலாறு 1906 ஆம் ஆண்டு சென்னையில் நிகழ்ந்த ஆர்பத்நாட் நிறுவன முறிவுடன் நெருங்கிய தொடர்புடையது. அதன் பின்னர் வைப்புக் காப்பீடு, வைப்பீட்டாளர் பாதுகாப்புச் சட்டங்கள் போன்றவை ஏற்பட்டன. எனினும் இச்சட்டங்கள் எல்லா வகை இழப்புகளையும் ஈடு செய்வதில்லை.

இடர்களின் வகைகள்

சேமிப்புக்கு நேரும் இடர்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

* முறிவு இடர்: பணத்தைப் பெற்றுக்கொண்டவர் திருப்பித் தர இயலாத அல்லது தர மறுக்கும் நிலை.
* விலை இடர்: பங்கு, பொன், நிலம் போன்றவற்றின் விலை குறைவதாலோ, பணவீக்கத்தால் பணத்தின் வாங்கும் திறன் தேய்வதாலோ ஏற்படும் இழப்பு.
* முடக்க இடர்: சொத்தின் மதிப்பு இருந்தும், அதைத் தேவையான நேரத்தில் பணமாக்க இயலாத நிலை.

ஓர் இடரைக் குறைக்கும் முறை மற்றோர் இடரை மிகுவிக்கக்கூடும். வங்கி வைப்பில் முறிவு இடர் குறைவு. ஆனால் வட்டி விகிதம் பணவீக்கத்தைவிடக் குறைவாக இருந்தால் அப்பணத்தின் வாங்கும் திறன் ஆண்டுதோறும் குறையும். நிலம் பணவீக்கத்திற்கு ஈடு கொடுக்கக்கூடும். ஆனால் அவசரத் தேவைக்கு உடனே விலை போகாது.

முறிவு இடர்

ஆர்பத்நாட் முறிவு

ஆர்பத்நாட் நிறுவனம், பாரி, பின்னி ஆகியவற்றுடன் சேர்த்து எண்ணப்பட்ட சென்னையின் பெரிய ஆங்கிலேய வணிக நிறுவனங்களுள் ஒன்று. வணிகத்துடன் பொதுமக்களிடமிருந்து வைப்புத்தொகைகளையும் பெற்று வந்தது. அதன் தலைமைப் பங்காளியான சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் நகரின் பொதுவாழ்வில் முன்னணியில் நின்றவர். ஓய்வு பெற்ற அலுவலர்கள் உட்படப் பலரும் தம் வாழ்நாள் சேமிப்பை அந்நிறுவனத்தில் இட்டு வைத்திருந்தனர்.

இந்நிறுவனத்துடன் இணைந்து இயங்கிய இலண்டன் நிறுவனத்தை நடத்தி வந்த பேட்ரிக் மக்பேடியன் 1906 அக்டோபர் 20 அன்று இலண்டனில் தொடர்வண்டி முன் பாய்ந்து உயிரிழந்தார். இரண்டு நாட்கள் கழித்து, அக்டோபர் 22 அன்று, சென்னை நிறுவனமும் முறிந்தது. ஆயிரக்கணக்கானோர் தம் சேமிப்பை இழந்தனர். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் மீது வழக்குத் தொடரப்பட்டு அவருக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது.

வைப்பீட்டாளர்கள் இந்நிறுவனத்தை நம்பியமைக்கு அதன் பெயரும் தலைமையாளரின் மதிப்பும் காரணங்களாக அமைந்தன. தம் பணம் எங்கு, எத்தகைய தொழில்களில் இடப்பட்டுள்ளது என்பதை அறியும் வாய்ப்பு அவர்களுக்கு இருக்கவில்லை. கடல் கடந்த ஒரு நிறுவனத்தின் வீழ்ச்சி சென்னையிலுள்ள குடும்பத்தின் சேமிப்பைத் தொடும் என்பது முறிவுக்குப் பின்னரே பலருக்கும் தெரிய வந்தது.

இம்முறிவுக்குப் பின், வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் உள்ளூர் மக்களின் முதலுடன் ஒரு வங்கி தேவை என வலியுறுத்தினார். நகரத்தார் சமூகத்தினரின் ஆதரவுடன் இந்தியன் வங்கி 1907 மார்ச் 5 அன்று பதிவு செய்யப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்டு 15 அன்று செயல்படத் தொடங்கியது. அது 1969 இல் நாட்டுடைமையாக்கப்பட்டது.

வைப்புக் காப்பீடு

இந்திய ரிசர்வ் வங்கி 1935 இல் தொடங்கப்பட்ட பின்னரும் வங்கி முறிவுகள் நிகழ்ந்தன. 1938 இல் திருவிதாங்கூர் நேசனல் அண்டு குயிலான் வங்கி முறிந்தது. 1960 இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. இதைத் தொடர்ந்து வைப்புக் காப்பீட்டுச் சட்டம் 1961 இல் இயற்றப்பட்டு, 1962 சனவரி 1 முதல் காப்பீடு நடைமுறைக்கு வந்தது.

தொடக்கத்தில் காப்பீட்டு வரம்பு 1,500 ரூபாயாக இருந்தது. பலமுறை உயர்த்தப்பட்டு 1993 இல் 1 இலட்சமாகவும், 2020 பிப்ரவரி 4 முதல் 5 இலட்சமாகவும் ஆனது. இவ்வரம்பு ஒரு வைப்பீட்டாளருக்கு ஒரு வங்கியில் உள்ள எல்லாக் கிளைகளின் சேமிப்புக் கணக்கு, நடப்புக் கணக்கு, நிலை வைப்பு, தொடர் வைப்பு ஆகியவற்றை முதலும் வட்டியுமாகக் கூட்டிக் கணக்கிடப்படும். எடுத்துக்காட்டாக, ஒருவருக்கு ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில் மொத்தம் 7 இலட்சம் ரூபாய் இருந்தால் 5 இலட்சத்துக்கு மட்டுமே காப்பீடு உண்டு. அதே தொகை இரண்டு வேறு வங்கிகளில் 3.5 இலட்சமாகப் பிரிந்திருந்தால் முழுத்தொகைக்கும் காப்பீடு கிட்டும். ரிசர்வ் வங்கி ஒரு வங்கியின் பணம் வழங்கலுக்குக் கட்டுப்பாடு விதித்தால், காப்பீட்டுத் தொகையை 90 நாட்களுக்குள் வழங்க 2021 ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது.

வணிக வங்கிகளுக்கும் கூட்டுறவு வங்கிகளுக்கும் இக்காப்பீடு பொருந்தும். வங்கியல்லாத நிதி நிறுவனங்களின் வைப்புகளுக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் வைப்புகளுக்கும் இது பொருந்தாது. அஞ்சலகச் சேமிப்புக்கு நடுவண் அரசே பொறுப்பேற்கிறது.

நிதி நிறுவனங்களும் 1997 ஆம் ஆண்டுச் சட்டமும்

1990களில் தமிழ்நாட்டில் மிகுந்த வட்டி தருவதாகக் கூறிய தனியார் நிதி நிறுவனங்கள் பல மூடப்பட்டன. இதன் விளைவாக, தமிழ்நாடு வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் (நிதி நிறுவனங்கள்) சட்டம் 1997 இல் இயற்றப்பட்டது. பணத்தைத் திருப்பித் தராத நிறுவனத்தின் சொத்துகளை முடக்கவும், தனி நீதிமன்றத்தின் வழியே அவற்றை விற்று வைப்பீட்டாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கவும் இச்சட்டம் வழி செய்கிறது. இதன் செல்லுபடியை உச்ச நீதிமன்றம் 2011 இல் உறுதி செய்தது. நடுவண் அரசு, ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை 2019 இல் இயற்றியது.

இச்சட்டங்கள் காப்பீடு அல்ல என்பது குறிப்பிடத்தக்கது. நிறுவனத்திடம் எஞ்சியுள்ள சொத்து எவ்வளவோ அவ்வளவே பகிரப்படும். அதற்கும் காலம் பிடிக்கும்.

மோசடித் திட்டங்கள் தொடக்கத்தில் தவறாமல் பணம் தருவது மக்களின் நம்பிக்கைக்குக் காரணமாகிறது. இதன் கணக்கு எளிது. மாதம் 10 விழுக்காடு தருவதாகக் கூறும் ஒருவர், எத்தொழிலும் செய்யாமலேயே, வைப்பீட்டாளரின் முதலிலிருந்தே அவருக்குப் 10 மாதங்கள் பணம் தர இயலும். புதியோர் சேரச் சேர இக்காலம் நீளும். ஆகவே சில மாதங்கள் ஒழுங்காகப் பணம் வந்தது என்பது திட்டம் உண்மையானது என்பதற்குச் சான்றாகாது. ஆண்டுக்கு 6 விழுக்காடு கூட்டு வட்டியில் முதல் இரட்டிப்பாக ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகும். அதை ஓரிரு ஆண்டுகளில் முடிப்பதாகக் கூறும் திட்டம் மிகப் பெரிய இடரைக் கொண்டது அல்லது பொய்யானது எனலாம்.

ஏலச்சீட்டுகள் 1982 ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு பெற்ற சீட்டுக்கும் வைப்புக் காப்பீடு கிடையாது. பதிவில்லாத சீட்டில் முறைப்படி முறையிடும் வழியும் குறுகிவிடுகிறது.

விலை இடர்

பங்குச் சந்தையில் முதலுக்கு எவரும் உறுதி அளிப்பதில்லை. மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் குறியீடு 2008 சனவரியில் 21,000 புள்ளிகளைக் கடந்து, அவ்வாண்டு அக்டோபரில் 8,000 புள்ளிகளுக்குக் கீழ் சென்றது. அது மீண்டும் 21,000 புள்ளிகளை எட்டியது 2010 நவம்பரில்தான். 2020 சனவரியில் 42,000 புள்ளிகளைத் தொட்ட அக்குறியீடு, கொரோனா பரவலின்போது மார்ச் 23 அன்று 25,981 புள்ளிகளில் முடிந்தது. இது ஏறத்தாழ 38 விழுக்காட்டு வீழ்ச்சியாகும். 2021 சனவரியில் அது 50,000 புள்ளிகளைத் தொட்டது.

இவ்விரு நிகழ்வுகளிலும் குறியீடு மீண்டது. ஆயினும் மீள்வதற்கான காலம் ஒன்றில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், மற்றொன்றில் ஓராண்டுக்கும் குறைவு. இக்காலத்தை முன்கூட்டியே அறிய வழியில்லை. வீழ்ச்சியின்போது மருத்துவச் செலவுக்காகவோ வேலையிழப்பாலோ பங்குகளை விற்க நேர்ந்தவரின் இழப்பு நிலையானதாகிவிடும். வேறு கையிருப்பு உள்ளவர் காத்திருக்க இயலும். மேலும், குறியீடு மீள்வது தனியொரு நிறுவனத்தின் பங்கு மீளும் என்று பொருளாகாது. 50 விழுக்காடு விழுந்த பங்கு பழைய விலையை எட்ட 100 விழுக்காடு உயர வேண்டும்.

முடக்க இடர்

சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் வீட்டுமனை ஒரு முதன்மையான சேமிப்பு முறையாகும். ஆவடிக்கு அருகில் சென்னை - அரக்கோணம் தொடர்வண்டித் தடத்தில் அமைந்துள்ள நெமிலிச்சேரி இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சென்னை வெளிவட்டச் சாலையின் வண்டலூர் - நெமிலிச்சேரி பகுதி 2014 இல் திறக்கப்பட்டது. இத்தகைய சாலைகள் வரும் என்ற எதிர்பார்ப்பிலேயே மனைகள் வாங்கப்படுவதும் உண்டு.

2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவுகளிலுள்ள மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. நீர்நிலைகளும் விளைநிலங்களும் மனைகளாக மாற்றப்படுவது தொடர்பான வழக்கில் இவ்வாணை பிறந்தது. மாநிலம் முழுவதும் இத்தகைய மனைகளை வைத்திருந்தோர், நிலம் கையில் இருந்தும் மகளின் திருமணத்திற்கோ கல்விச் செலவிற்கோ அதை விற்க இயலாத நிலைக்கு ஆளாயினர். 2017 மே மாதத்தில் மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் வெளியான பின்னரே நிலைமை தளர்ந்தது. பட்டா, வில்லங்கச் சான்றிதழ், தாய்ப்பத்திரம் ஆகியவற்றுடன் மனைப்பிரிவு ஒப்புதலும் நிலத்தின் மதிப்பின் ஒரு பகுதி என்பதை இது காட்டியது.

சந்தை சார்ந்த திட்டங்களிலும் முடக்கம் ஏற்படலாம். 2020 ஏப்ரல் 23 அன்று பிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் தனது ஆறு கடன் பத்திரப் பரஸ்பர நிதித் திட்டங்களை மூடுவதாக அறிவித்தது. முதலீட்டாளர்கள் பின்னர் தொகையைத் தவணைகளாகப் பெற்றனர். எனினும் முதல் தவணை 2021 பிப்ரவரியில்தான் கிடைத்தது.

சேமிப்பைப் பிரித்து வைத்தல்

மேற்கண்ட மூன்று இடர்களையும் ஒருங்கே தவிர்க்கும் சேமிப்பு முறை எதுவும் இல்லை. எனவே பணம் தேவைப்படும் காலத்தை அடிப்படையாகக் கொண்டு சேமிப்பைப் பிரித்து வைப்பது வழக்கம்.

* சில மாதக் குடும்பச் செலவுக்கு ஈடான தொகை: வங்கிச் சேமிப்புக் கணக்கு, குறுகிய கால வைப்பு. இங்கு வட்டியைவிட உடனே எடுக்கும் வசதியே முதன்மையானது.
* ஓரிரு ஆண்டுகளில் தேவைப்படும் தொகை (கல்விக் கட்டணம், திருமணம்): காப்பீட்டு வரம்புக்குட்பட்ட நிலை வைப்பு, அஞ்சலகக் கால வைப்பு.
* பல ஆண்டுகளுக்குத் தேவைப்படாத தொகை: பொது சேமநல நிதி, பங்குகள், பரஸ்பர நிதிகள், பொன், நிலம். பொது சேமநல நிதியின் காலம் 15 ஆண்டுகள்; இடையில் வரையறைக்குட்பட்டே பணம் எடுக்கலாம்.

பொன்னை அடகு வைத்து விரைவில் பணம் பெற இயலும் என்பதால் அதன் முடக்க இடர் குறைவு. ஆனால் நகையாக வாங்கும்போது கொடுக்கும் செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பக் கிடைப்பதில்லை.

ஒரு திட்டத்தை மதிப்பிட மூன்று வினாக்கள் பயன்படும்: பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு யாருடையது? அவர் தவறினால் அதற்கு ஈடாக நிற்பது எது? வேண்டும்போது எத்தனை நாட்களில் பணம் கைக்கு வரும்? 1906 இல் ஆர்பத்நாட் வைப்பீட்டாளர்களுக்கு இவற்றுள் முதல் வினாவுக்கு மட்டுமே விடை தெரிந்திருந்தது.

இவற்றையும் பார்க்க

* இந்தியன் வங்கி
* இந்திய ரிசர்வ் வங்கி
* ஏலச்சீட்டு
* பணவீக்கம்
* பரஸ்பர நிதி