முப்பத்தாறரை டிகிரிக் கோடு

அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றதும் நம்மில் பலருக்கு ஆபிரகாம் லிங்கன்தான் முதலில் ஞாபகத்துக்கு வருவார். 1861இல் திடீரென்று இரண்டு தரப்பும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நின்ற மாதிரி ஒரு சித்திரமும் மனதில் இருக்கும். எனக்கு அந்தப் போரைவிட அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகள்தான் அதிகம் யோசிக்க வைக்கின்றன. அத்தனை காலமும் அமெரிக்க அரசியல்வாதிகள் சண்டை வராமல் பார்த்துக்கொள்ளத்தான் பாடுபட்டார்கள். உட்கார்ந்து பேசினார்கள், ஆளுக்குக் கொஞ்சம் இறங்கி வந்தார்கள், ஒப்பந்தம் போட்டார்கள். நம் பள்ளிப் பாடநூல்கள் ‘தோலாக் அன்சூர்’ என்று மறுபடி மறுபடி சொல்லித் தருமே, கிட்டத்தட்ட அதே சமாச்சாரம். விட்டுக்கொடுப்பது நல்லதுதானே என்று தோன்றும். எதை விட்டுக்கொடுத்தார்கள், அது யாருடையது என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது.

முதலில் கணக்கு. 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பில் ‘அடிமை’ என்ற சொல்லே கிடையாது. ஆனால் கீழவையில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று தீர்மானிக்கும்போது, அங்குள்ள அடிமைகளின் எண்ணிக்கையில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சுற்றி வளைத்து எழுதி வைத்தார்கள். அதாவது, ஓட்டுப் போட முடியாத மனிதர்கள் தங்களை வாங்கி விற்பவர்களின் ஓட்டுக்கு எடை கூட்டினார்கள். அப்படியும் வடக்கில் மக்கள்தொகை வேகமாகப் பெருகியதால் கீழவை தெற்கின் கையை விட்டு நழுவிக்கொண்டே போனது. மிச்சம் இருந்தது செனட். சின்ன மாநிலமோ பெரிய மாநிலமோ, அங்கே ஆளுக்கு இரண்டு இடம். ஆகவே புதிதாக ஒரு மாநிலம் பிறக்கும்போதெல்லாம் அதில் அடிமை முறை உண்டா இல்லையா என்பதே அதிகாரம் யாருக்கு என்கிற கேள்வியாக மாறிவிட்டது. 1803இல் பிரான்சிடமிருந்து லூசியானா நிலப்பரப்பை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கியதில் நாட்டின் பரப்பளவு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. புதிய மாநிலங்கள் பிறக்கப்போவதும் உறுதியானது.

1819இல் மிசூரி மாநில அந்தஸ்து கேட்டு வந்தது. அங்கே அப்போது சுமார் 10,000 அடிமைகள் இருந்தார்கள். நியூயார்க் உறுப்பினர் ஜேம்ஸ் டால்மட்ஜ் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். இனி புதிதாக அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது, மாநிலமான பின் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் 25 வயதில் விடுதலை பெற வேண்டும். அவ்வளவுதான். உடனடி விடுதலைகூட இல்லை. கீழவையில் அது நிறைவேறியது, செனட்டில் தோற்றது. அந்த வருடக் கடைசியில் அலபாமாவும் சேர்ந்தபோது அடிமை மாநிலங்கள் 11, சுதந்திர மாநிலங்கள் 11 என்று தராசு சரிசமமாக நின்றது. மிசூரி எந்தப் பக்கம் விழுந்தாலும் தட்டு சாய்ந்துவிடும்.

1820இல் தீர்வு கிடைத்தது. மாசசூசெட்ஸிலிருந்து பிரிந்த மேய்ன் சுதந்திர மாநிலமாக வரும், மிசூரி அடிமை மாநிலமாக வரும். லூசியானா நிலப்பரப்பின் மிச்சப் பகுதியில் 36 டிகிரி 30 நிமிட அட்சரேகைக்கு வடக்கே, மிசூரியைத் தவிர, அடிமை முறை கிடையாது. இதுதான் மிசூரி சமரசம்.

இது நிறைவேறிய விதத்தைக் கவனிக்க வேண்டும். மேய்னையும் மிசூரியையும் ஒரே மூட்டையாகக் கட்டி செனட் அனுப்பியபோது கீழவை ஏற்கவில்லை. பிறகு மூட்டையைப் பிரித்துத் தனித்தனியாக ஓட்டுக்கு விட்டார்கள். ஒரு பகுதிக்கு ஒரு கூட்டம், இன்னொரு பகுதிக்கு வேறொரு கூட்டம் என்று ஆதரவு திரட்டி முடித்தார்கள். முடிவை மறுபரிசீலனை செய்யக் கோரி வர்ஜீனியாவின் ஜான் ராண்டால்ஃப் எழுந்தார். அன்றாட அலுவல் முடியட்டும் என்று அவரை உட்காரச் சொன்னார் அவைத்தலைவர் ஹென்றி கிளே. அந்த இடைவெளியில் மசோதாவில் கையெழுத்துப் போட்டு செனட்டுக்கு அனுப்பியும்விட்டார். ராண்டால்ஃப் மறுபடி எழுந்தபோது திரும்பப் பெற ஒன்றும் இல்லை. வரலாற்றில் ‘மகா சமரசவாதி’ என்று பெயர் வாங்கியவர் இந்த கிளேதான். நாடு சமரசத்துக்கு வந்தது என்று நாம் வாசிக்கிற இடத்தில் உண்மையில் நடந்தது, கெட்டிக்காரத்தனமான அவை நிர்வாகம்.

கொஞ்ச காலம் அது வேலை செய்தது. ஆர்கன்சாவுக்கு ஈடாக மிச்சிகன், ஃபுளோரிடாவுக்கு ஈடாக அயோவா என்று ஜோடி ஜோடியாக மாநிலங்கள் உள்ளே வந்தன. பிறகு மெக்சிகோவுடன் போர் மூண்டு, 1848இல் கலிஃபோர்னியா வரை அமெரிக்கா கைக்கு வந்தது. மிசூரிக் கோடு அந்த நிலத்தைத் தொடவில்லை. மறுபடியும் பேச்சுவார்த்தை, மறுபடியும் முதியவர் கிளே, மறுபடியும் ஒரே மூட்டை. அதுவும் தோற்றது. இல்லினாய் செனட்டர் ஸ்டீஃபன் டக்ளஸ் அதை ஐந்து மசோதாக்களாகப் பிரித்து ஒவ்வொன்றாக நிறைவேற்றினார். இந்த 1850 சமரசத்தில் கலிஃபோர்னியா சுதந்திர மாநிலமானது. தெற்குக்குக் கிடைத்தது, தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துத் தரும் சட்டம்.

அந்தச் சட்டத்தைப் படித்தால் வயிறு கலங்கும். பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை கிடையாது. தன் தரப்பில் அவர் சாட்சி சொல்லவும் முடியாது. வழக்கை விசாரிக்கும் ஆணையர், இவரை உரிமையாளரிடம் ஒப்படைக்கலாம் என்று தீர்ப்பளித்தால் 10 டாலர் கட்டணம், விடுவித்தால் 5 டாலர். ஒப்படைப்பதென்றால் எழுத்து வேலை அதிகம், அதனால்தான் கூடுதல் காசு என்று விளக்கம் சொன்னார்கள். பக்கத்தில் நிற்கும் பொதுமக்களையும் பிடிக்க உதவச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாம். அதுவரை அடிமை முறை எங்கேயோ தெற்கில் நடக்கும் விஷயம் என்று இருந்த பாஸ்டன்காரர்களின் வாசலுக்கே அது வந்து நின்றது. 1854இல் ஆன்டனி பர்ன்ஸ் என்பவரை பாஸ்டன் தெருக்களின் வழியே ராணுவக் காவலோடு கப்பலுக்குக் கொண்டுபோனபோது, திரண்டு நின்ற மக்கள் கையாலாகாமல் பார்த்தார்கள்.

அதே 1854இல் கான்சஸ், நெப்ராஸ்கா சட்டத்தைக் கொண்டுவந்தார் டக்ளஸ். மிசூரிக் கோடு ரத்து. அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்று அங்கே குடியேறுபவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும். கேட்க எவ்வளவு ஜனநாயகமாக இருக்கிறது! 1855 மார்ச்சில் கான்சஸில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. தகுதியுள்ள வாக்காளர்கள் 2,905 பேர், விழுந்த ஓட்டுகள் 6,307. மிசூரியிலிருந்து ஆயுதங்களோடு எல்லை தாண்டி வந்தவர்கள் போட்ட ஓட்டு அவை. பின் இரண்டு அரசுகள், எரிந்த வீடுகள், வெட்டிக் கொல்லப்பட்டவர்கள். இதில் இன்னொரு விஷயமும் உண்டு. அடிமை முறையை எதிர்த்த தரப்பு தனக்கென்று ஓர் அரசியலமைப்பு எழுதியபோது, கறுப்பினத்தவர் கான்சஸுக்குள் வரவே கூடாது என்பதையும் வாக்கெடுப்பில் ஆதரித்தது. அடிமை முறை வேண்டாம் என்றவர்கள் எல்லோரும் அடிமைகளுக்காகப் பேசவில்லை. பலருக்கு வேண்டியிருந்தது போட்டியில்லாத நிலம்.

அந்தக் கோடு ஒரு மனிதனுக்கு என்னவாக இருந்தது என்று தெரிய டிரெட் ஸ்காட்டைப் பார்க்கலாம். ராணுவ மருத்துவர் ஒருவரின் அடிமையாக அவர் இல்லினாய்க்கும், பிறகு கோட்டுக்கு வடக்கே ஸ்னெல்லிங் கோட்டைக்கும் போனார். அங்கே ஹாரியட்டைத் திருமணம் செய்துகொண்டார். பிறகு மிசூரிக்குக் கொண்டுவரப்பட்டார். சுதந்திர மண்ணில் வாழ்ந்ததால் நாங்கள் சுதந்திரமானவர்கள் என்று 1846இல் கணவனும் மனைவியும் வழக்குத் தொடுத்தார்கள். 11 ஆண்டுகள் கழித்து, 1857இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கறுப்பினத்தவர் குடிமக்களே ஆக முடியாது, கோடு போடும் அதிகாரமே காங்கிரஸுக்கு இல்லை என்றார் தலைமை நீதிபதி ரோஜர் டேனி. கோட்டை நம்பி நீதிமன்றப் படியேறிய குடும்பத்திடம், அது ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று சொல்லியாகிவிட்டது.

இந்தச் சமரசங்களுக்கு ஆதரவாக ஒரு வலுவான வாதம் உண்டு. 1820இலேயே நாடு பிளந்திருந்தால் தெற்கைத் தடுக்கும் பலம் வடக்குக்கு இருந்திருக்காது. கிடைத்த நாற்பது ஆண்டுகளில்தான் வடக்கில் ரயில் பாதைகளும் ஆலைகளும் மக்கள்தொகையும் பெருகின, அதனால்தான் போரில் வென்றது, அடிமை முறையும் ஒழிந்தது. இதைச் சுலபமாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்த நாற்பது ஆண்டுகளுக்கும் ஒரு விலை உண்டு. 1820இல் சுமார் 15 லட்சமாக இருந்த அடிமைகள் 1860இல் ஏறக்குறைய 40 லட்சம் ஆனார்கள். பருத்தி விளையும் புதிய மாநிலங்களுக்காக வர்ஜீனியாவிலிருந்தும் மேரிலாந்திலிருந்தும் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விற்றார்கள். வாஷிங்டனில் அமைதி காக்கப்பட்டது என்று எழுதும்போது இந்த வருடங்களையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். போர் நான்கு ஆண்டுகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களைக் கொன்றது. சமரசம் யாரையும் கொல்லவில்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

1860 டிசம்பரில்கூட ஒரு முயற்சி நடந்தது. மிசூரிக் கோட்டை பசிபிக் கடல் வரை நீட்டுவோம், இனி எந்தத் திருத்தமும் இதை மாற்ற முடியாதபடி அரசியலமைப்பிலேயே எழுதிவிடுவோம் என்றார் கென்டக்கி செனட்டர் ஜான் கிரிட்டெண்டன். அடிமை முறை இனி ஓர் அங்குலம்கூட விரியக் கூடாது என்பதில் லிங்கன் உறுதியாக நின்றார். பேச்சு முறிந்தது.

போர் தொடங்கி ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. 1861 மே மாதத்தில் ஓர் இரவு, வர்ஜீனியாவில் தெற்குப் படைக்காக பீரங்கி மேடை கட்டிக்கொண்டிருந்த ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் படகில் துடுப்புப் போட்டு, வடக்கின் கையிலிருந்த மன்ரோ கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மறுநாளே உரிமையாளர் தரப்பிலிருந்து ஓர் அதிகாரி வந்து, சட்டப்படி திருப்பிக் கொடுங்கள் என்றார். 1850 சட்டம் அப்போதும் அமலில்தான் இருந்தது. தளபதி பெஞ்சமின் பட்லர் கொடுக்கவில்லை. செய்தி பரவி, சில வாரங்களில் நூற்றுக்கணக்கானவர்கள் அந்தக் கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். நாற்பது ஆண்டுகள் எந்த மேசையிலும் அவர்களுக்கு நாற்காலி போடப்படவில்லை. இந்த முறை அவர்கள் யாரையும் கேட்கவும் இல்லை.