ஐஸ் மேல நாலு சுத்து: கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் உடற்கூறு (இழை)

2018 மார்ச், பல்கேரியாவின் சோஃபியா. உலக ஜூனியர் ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டி. ரஷ்யாவின் அலெக்ஸாண்ட்ரா ட்ருசோவா ஒரே ஆட்டத்தில் இரண்டு 'குவாட்' அடிக்கிறார். குவாட்னா, ஒரே தாவலில் காற்றிலேயே நாலு சுத்து. வயசு 13.

காலில் என்ன பலம்னு தோணுதா? பலம் இருக்கு. ஆனா அது பாதிக் கதைதான்.

காற்றில் இருப்பது சுமார் 0.65 நொடி. அதுக்கு அரை மீட்டர் எழும்பினா போதும். மூணு சுத்துக்கும் நாலு சுத்துக்கும் உயரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் சுழலும் வேகத்தில்தான். கையை மார்போடு ஒட்டி, காலைப் பின்னி, உடம்பைப் பென்சில் மாதிரி ஒடுக்கணும். சுழற்சிக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு, அச்சிலிருந்து எடை எவ்வளவு தள்ளி இருக்கோ அந்தத் தூரத்தின் வர்க்கத்தோடு ஏறும். இடுப்பு கொஞ்சம் விரிஞ்சாலே வேகம் குறையும். பருவமடையும்போது பையனுக்கு டெஸ்டோஸ்டிரோன் தசையைக் கூட்டி ஈடு கட்டிடுது. பொண்ணுக்கு அந்த அளவுக்கு இல்லை.

எப்பவும் இப்படியா இருந்துச்சு? இல்லைங்க. 1988-ல் போட்டியில் டிரிபிள் ஆக்ஸல் (மூன்றரை சுத்து) அடிச்ச முதல் பெண், ஜப்பானின் மிடோரி இட்டோ. குள்ளமான உருவம்தான், ஆனா அவர் தாவலில் உயரம் இருந்தது. 22 வயசில், 1992 ஒலிம்பிக்கிலும் அதையே அடிச்சார்.

1990-க்குப் பிறகு, ஐஸில் வட்டம் வரையும் 'கட்டாய உருவங்கள்' நீக்கப்பட்டன. வருஷக்கணக்கில் பழகினால்தான் வரும் கலை அது. அது போனதும் தாவலுக்கு மவுசு கூடியது, சின்னப் பிள்ளைகளுக்கு வழி திறந்தது. 1998-ல் டாரா லிபின்ஸ்கி 15 வயசில் ஒலிம்பிக் தங்கம். 18 வயசில் இடுப்பு மூட்டில் அறுவை சிகிச்சை.

2014-ல் யூலியா லிப்னிட்ஸ்காயா, 15 வயசில் அணித் தங்கம், 19-ல் ஓய்வு. அனரெக்ஸியாவுக்குச் சிகிச்சை எடுத்ததை அவரே சொன்னார்.

டாக்டரா எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் உடல் எடையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் விசை, அதுவும் ஒற்றைக் காலில். எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மூடாத வயசு. மெலிவா இருக்கணும்னு சாப்பாட்டைக் குறைச்சா மாதவிடாய் நிற்கும், ஈஸ்ட்ரோஜன் குறையும், எலும்பு அடர்த்தி சேராது. ஆயுசுக்கும் வேண்டிய எலும்பைச் சேமிக்கிற வயசும் அதேதான்!

வளர்ந்தா எல்லாம் முடிஞ்சுதான்னு கேட்டா, அதுவும் இல்லை. 2002-ல் குவாட் அடிச்ச முதல் பெண் மிக்கி ஆண்டோ, அப்போ 14. பின்னாடி குவாட் இல்லாமலேயே 2007, 2011-ல் உலக சாம்பியன். ட்ருசோவா 17 வயசில், பெய்ஜிங்கில் ஒரே ஆட்டத்தில் ஐந்து குவாட் அடிச்சு வெள்ளி வாங்கினார்.

அதே பெய்ஜிங்கில் 15 வயசு கமிலா வலியேவாவின் ஊக்கமருந்து விவகாரம் உலகத்தையே உலுக்கியது. 2022 ஜூனில் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் குறைந்தபட்ச வயசை 15-லிருந்து படிப்படியா 17 ஆக்கியது. சீனியர் போட்டிக்கு மட்டும். ஜூனியரில் இப்பவும் 13 வயசிலேயே இறங்கலாம்.