எல்லைக்கோடும் கரைப்புள்ளியும்: ராமேஸ்வரம் கரைச் சந்தையை அளக்கும் இரு கணக்குகள்

பாம்பன் பாலத்தைக் கடந்ததும் பேருந்து நடத்துநர் ஊர்ப்பெயர்களை வரிசையாகக் கூப்பிடுவார்: பாம்பன், அக்காள்மடம், தங்கச்சிமடம், பேய்க்கரும்பு, ராமேஸ்வரம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் இறங்கும், கூடை இறங்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எல்லைக் கோப்பைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றிப் பாருங்கள். அதே தீவு பெரிய அளவில் இரண்டே துண்டாகத் தெரியும். ஒன்று ராமேஸ்வரம் நகராட்சி, மற்றொன்று பாம்பன். ராமேஸ்வரம் வட்டத்தின் மொத்த மக்கள் 82,682 பேர். நகராட்சிக்குள் 44,856 பேர். மிச்சம் ஏறத்தாழ 37,800 பேரும் பாம்பன் கணக்கில். தனி ஊராட்சி, தனிக் கடைத்தெரு, தனிப் படகுத்துறை என்று வாழும் தங்கச்சிமடம் இந்த வரைபடத்தில் பாம்பனுக்குள் கரைந்துவிடுகிறது.

கடை திறப்பவரும் ஐஸ் ஆலை போடுபவரும் கடன் கொடுக்கும் வங்கியும் இப்போது வரைபட மென்பொருளை நம்பி முடிவெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். கியூஜிஐஎஸ் இலவசம். எல்லைக் கோப்புகளும் முன்போல அரிதல்ல. ஆகவே எந்த மென்பொருள் என்பது இன்று பெரிய கேள்வியில்லை. எந்தக் கணக்கை அதில் ஊற்றுகிறோம் என்பதுதான் கேள்வி. இந்தக் கரைக்கு இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று நாடு முழுவதற்குமான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. மற்றது மத்திய கடல்மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் எடுக்கும் கடல்மீன்வளக் கணக்கெடுப்பு. 1947இல் தொடங்கிய அந்த நிறுவனம், 1971இல் கொச்சிக்குப் பெயரும்வரை பல ஆண்டுகள் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள மண்டபம் முகாமிலிருந்துதான் நடந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

எதை ஓர் ஊர் என்கிறார்கள்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஊர் என்பது வருவாய்க் கிராமம் அல்லது நகரம். அதற்கு எல்லைக்கோடு உண்டு, எண் உண்டு. தமிழ்நாட்டின் எண் 33, ராமநாதபுரம் மாவட்டத்தின் எண் 626, அதற்குக் கீழே வட்டத்துக்கு ஐந்து இலக்கம், கிராமத்துக்கு ஆறு இலக்கம். கோட்டுக்குள் இருப்பவர் எல்லோரும் அந்த எண்ணுக்குச் சொந்தம். நிலவரி வாங்குவதற்காக வரைந்த கோடு அது. கடலைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

கடல்மீன்வளக் கணக்கெடுப்புக்கு ஊர் என்பது மீனவர் வாழும் கரைக் குடியிருப்பு. வருவாய்ப் பதிவேட்டில் அதற்குத் தனிப்பெயர் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. 2010 கணக்கின்படி தமிழ்நாட்டில் 573 கடல்மீனவக் கிராமங்கள், 407 மீன் இறங்குதுறைகள், 1,92,697 மீனவக் குடும்பங்கள், 8,02,912 மீனவர்கள். ஊர் வேறு, இறங்குதுறை வேறு என்று பிரித்து எண்ணியிருப்பதே சந்தையைப் பார்ப்பவருக்குப் பெரிய உதவி. வீடு ஓரிடத்திலும் படகு ஓரிடத்திலும் இருப்பது இந்தக் கரையில் சாதாரணம். ஆனால் இந்தக் கணக்கு ஊரைப் பெயரால் காட்டுகிறதே தவிர, அதைச் சுற்றிக் கோடு போடுவதில்லை. வரைபடத்தில் அதை ஒரு புள்ளியாகத்தான் வைக்க முடியும்.

எதைக் கேட்கிறார்கள்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படை அட்டவணையில் தொழில் நான்கு பத்திகளில் அடங்கும்: சொந்தமாகப் பயிரிடுபவர், விவசாயக் கூலி, வீட்டுத்தொழில் செய்பவர், பிற தொழிலாளர். உள்நாட்டில் முதுகுளத்தூர், கமுதி பக்கம் இந்த நான்கு பத்தி ஓரளவு போதும். முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பகுதி அது. பயிரிடுபவர் எத்தனை, கூலிக்குப் போகிறவர் எத்தனை என்று தெரிந்தால் உரக்கடைக்கும் மிளகாய் மண்டிக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

கரைக்கு வந்தால் கதை மாறுகிறது. விசைப்படகு ஓட்டுநர், பள்ளி ஆசிரியர், கோயில் குருக்கள், ஆட்டோ ஓட்டுபவர், வங்கி மேலாளர் எல்லோரும் ‘பிற தொழிலாளர்’ என்ற ஒரே பத்தியில் உட்கார்ந்திருப்பார்கள். பாம்பன் துண்டில் அந்தப் பத்தியின் எண் பெரிதாக இருப்பதைப் பார்த்து, ‘இங்கே மாதச் சம்பளக்காரர்கள் அதிகம்’ என்று முடிவுகட்டினால் கடை ஆறு மாதம் தாங்காது.

கடல்மீன்வளக் கணக்கு கேட்பதே வேறு. விசைப்படகா, வெளிப்பொறி பூட்டிய வள்ளமா, பாய்மரமா? என்ன வலை? பெண்கள் மீன் விற்கிறார்களா, கருவாடு போடுகிறார்களா? ஐஸுக்கும் டீசலுக்கும் வலைக்கும் தேவை எவ்வளவு என்று கணிக்க இதைவிட நேரான கணக்கு கிடையாது.

அதேசமயம் இதன் குறையும் பெரிது. மீனவர் அல்லாத வீட்டுக்குள் இந்தக் கணக்கு நுழைவதில்லை. கோயில் தெருவின் தங்கும் விடுதி, சங்குக் கடை, இட்லிக்கடை எதுவும் அதில் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு சேர்ந்து 2010இல் எடுத்த வீட்டுப்பட்டியலில் தொலைக்காட்சி, கைப்பேசி, இருசக்கர வாகனம், வங்கிக் கணக்கு, அடுப்பு எரிபொருள் எல்லாம் உண்டு. வீட்டு உபயோகப் பொருள் விற்பவருக்கு அதுதான் புதையல்.

எந்தக் காலத்துக் கணக்கு?

கடல்மீன்வளக் கணக்கு 1980, 2005, 2010, 2016 என்று எடுக்கப்பட்டது. 2025 இறுதியில் கைப்பேசிச் செயலி வழியாக மறுபடி வீடுவீடாகப் போனார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்போ 2011க்குப் பிறகு நின்றுவிட்டது. 2021இல் வரவேண்டியது தள்ளிப்போய், அடுத்த கணக்கின் குறிப்புநாள் 2027 மார்ச் 1 என்று அறிவிக்கப்பட்டுள்ளது. ஆகவே இரண்டையும் நேர்மையாக ஒன்றன்மேல் ஒன்று வைக்கக்கூடிய கடைசிக் காலம் 2010–11தான். 2016 மீனவக் கணக்கை 2011 மக்கள்தொகையால் வகுத்து ‘விகிதம்’ காட்டும் அறிக்கையைக் கண்டால் ஒதுக்கிவிடலாம்.

கோடும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1981 கணக்கில் உள்ள ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் சிவகாசியும் காரைக்குடியும் உண்டு. 1985இல்தான் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. 1981ஐயும் 1991ஐயும் பெயரை மட்டும் பார்த்து ஒப்பிட்டால், பட்டாசுத் தொழிலும் செட்டிநாடும் திடீரெனக் கடலில் மூழ்கியதுபோல் இருக்கும். 2011இல் மாவட்டத்தில் வட்டங்கள் 7. பிறகு கீழக்கரையும் ராஜசிங்கமங்கலமும் சேர்ந்து 9. இன்றைய வட்ட வரைபடத்தின்மேல் 2011 அட்டவணையை ஒட்டினால் இரண்டு வட்டம் வெறுமையாக நிற்கும், பக்கத்து வட்டம் வீங்கியிருக்கும்.

ஒட்டும் வேலையிலேயே சின்னச் சின்னக் குழிகள் உண்டு. தமிழ்நாட்டு வட்டக் குறியீடு பூஜ்யத்தில் தொடங்கும். எக்ஸெல்லில் திறந்ததும் முன்னாலிருக்கும் பூஜ்யம் காணாமல் போகும். அட்டவணையில் நான்கு இலக்கம், எல்லைக் கோப்பில் ஐந்து இலக்கம். இரண்டும் சேராமல் வரைபடம் வெள்ளையாகவே நிற்கும். குறியீட்டுப் பத்தியை எண்ணாக இல்லாமல் எழுத்தாக இறக்கினால் இந்தச் சிக்கல் தீரும். எண்ணை விட்டுப் பெயரால் சேர்க்கப் போனால் இன்னும் மோசம். ராமேஸ்வரத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் ‘எச்’ கூடினாலே கணினிக்கு அது வேறு ஊர்.

ஒரே கேள்வியை இரண்டிடமும் கேட்டால்

தீவில் ஐஸ் ஆலை எங்கே வைக்கலாம் என்று ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மக்கள்தொகைக் கணக்கை மட்டும் நம்பினால் மென்பொருள் நகராட்சித் துண்டையே அடர்நிறத்தில் காட்டும். ஆனால் ஐஸ் தின்பது ஆளல்ல, படகு. விசைப்படகு நிற்கும் ராமேஸ்வரம் துறை, பாம்பன் துறை, நாட்டுப்படகு ஒதுங்கும் சிறு கரைகள் என்று புள்ளிகளை வைத்தால் படம் மாறிவிடும். கைப்பேசிக் கடைக்கு இடம் தேடுபவர் அதே புள்ளிகளை நம்பினால் அவரும் ஏமாறுவார். அவருக்கு வேண்டியது வீட்டுப்பட்டியல்.

இருவரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மென்பொருளில் ஒரு சொடுக்கில் கடையைச் சுற்றி வட்டம் போடலாம். சமவெளி ஊரில் அந்த வட்டத்துக்குப் பொருள் உண்டு. தனுஷ்கோடி முனையில் 35 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டால் தலைமன்னாரும் உள்ளே வந்துவிடும்! மண்டபத்தையும் பாம்பனையும் இணைக்கும் சாலை ஒன்றே ஒன்று, 1988இல் திறந்த பாலம். ஆகவே இங்கே நேர்கோட்டுத் தூரத்தை விட்டுச் சாலைத் தூரத்தைத்தான் அளக்க வேண்டும். துண்டுக்குள் மக்கள் சமமாகப் பரவியிருக்கிறார்கள் என்று மென்பொருள் எடுத்துக்கொள்வதும் ஆபத்து. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிப் பக்கம் பெரும்பாலும் மணல்தான். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து அதை வெட்டிவிட்டுத்தான் அடர்த்தி கணக்கிட வேண்டும்.

இரண்டுக்கும் தப்பியவை

காசியிலிருந்து வந்து அக்னி தீர்த்தத்தில் முழுகுபவரைக் கணக்கெடுப்பு அவருடைய சொந்த ஊரில்தான் எண்ணும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் தீவில் நிற்கும் கூட்டம் எந்த அட்டவணையிலும் இல்லை. அவர் வரும் வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதும் இல்லை. 2022 டிசம்பர் 23 முதல் புதிய ரயில் பாலம் திறந்த 2025 ஏப்ரல் 6 வரை தீவுக்கு ரயில் கிடையாது. எல்லைக்கோடு அதேதான், மக்கள்தொகை எண் அதேதான். ரயில் நிலைய வாசலில் தேநீர்க் கடை வைத்திருந்தவருக்குச் சந்தை அதேதானா?

கடல் பக்கமும் காலம் இப்படித்தான் விளையாடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. அந்த நாட்களில் ஏலக்கூடத்தில் நாட்டுப்படகு மீன்தான் விலை சொல்லும். ஐஸ் ஆலைக்காரர் வருடத்தை 365 நாளாக வகுத்துப் போட்ட வரவு அங்கேயே உடையும். ஆகவே வரைபடத்தோடு ஒரு நாட்காட்டியும் வேண்டும். தடைக்காலம், அமாவாசை, காற்றுக்காலம் மூன்றையும் அதில் குறிக்க வேண்டும்.

தீர்ப்பு

பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி என்று உள்நாட்டில் சந்தை பார்ப்பவருக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எல்லைக்கோடே போதும். தொண்டி முதல் மூக்கையூர் வரை கரையில் மீனைச் சார்ந்த எந்தத் தொழிலுக்கும் கடல்மீன்வளக் கணக்கின் புள்ளியிலிருந்து தொடங்க வேண்டும், எல்லைக்கோடு அதற்குப் பின்னால் வரட்டும். தீவுக்கு ஒன்று மட்டும் போதாது. புள்ளியைத் துண்டுக்குள் விழவைத்து, எந்தத் துண்டில் எத்தனை படகு, எத்தனை வீடு என்று சேர்த்தெடுத்தால்தான் ராமேஸ்வரம் சந்தையின் உருவம் தெரியும்.

அந்தச் சேர்ப்பு வேலையை யாராவது கையால் செய்தாக வேண்டும். மாவட்டத்துக் கல்லூரி மாணவர்களும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் சேர்ந்தால் ஒரு கோடை விடுமுறையில் முடிந்துவிடும். ஒவ்வொரு கரையூருக்கும் போய், கைப்பேசியில் இடம் குறித்து, ஊரார் சொல்லும் பெயரைத் தமிழில் எழுதி, அது விழும் கணக்கெடுப்புக் குறியீட்டைப் பக்கத்தில் போட வேண்டும். 2027 எண்கள் வெளிவரும் முன் இது தயாராக வேண்டும். இல்லையென்றால் அடுத்த கணக்கிலும் தங்கச்சிமடம் பாம்பனுக்குள்தான் இருக்கும்.